ஓய்வு ஆடம்பரமா?

பிரிக்பீல்ட்ஸின் ஓரத்தில், முன்பு இரயில்வே முற்றம் பரந்து கிடந்த நிலத்தில், 2001ஆம் ஆண்டு முதல் கேஎல் சென்ட்ரல் நிலையம் இயங்கி வருகிறது. நீண்ட பள்ளி விடுமுறை தொடங்கியதும் அங்கே ஒரு காட்சியை நாள்தோறும் காணலாம். தமிழ்க் குடும்பங்கள் உருளைப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு விமான நிலைய இரயிலை நோக்கி விரைகின்றன. தந்தையின் கையில் கடப்பிதழ்கள். தாயின் தோளில் கனத்த பை. பிள்ளைகளின் கால்களில் தரை பாவாத துள்ளல். ஒரு குடும்பம் பாலித் தீவுக்குச் செல்லும். மற்றொன்று தாய்லாந்தின் கிராபிக் கடற்கரைக்குச் செல்லும். வேறொன்று கொழும்புக்கோ சென்னைக்கோ செல்லும். மூன்று அல்லது நான்கு இரவுகள் ஒரு விடுதியில் தங்கி, பிள்ளைகளை நீச்சற்குளத்தில் விளையாடவிட்டு, பிறர் சமைத்துப் பரிமாறிய காலையுணவை உண்டு திரும்புவது அவர்களின் நோக்கம். அதற்கு மேல் பெரிய இலட்சியம் எதுவும் அவர்களுக்கு இல்லை.

இக்காட்சி சிலர் கண்களை உறுத்துகிறது. பரிசளிப்பு விழாவானாலும் கோயில் மண்டபக் கூட்டமானாலும், ஒலிவாங்கி கைக்கு வந்தவுடன் அவர்கள் எழுப்பும் வினா ஒன்றே: வெளிநாட்டு விடுதியில் குடும்பத்தோடு குளித்துக் கும்மாளமிடும் அளவுக்குத் தமிழன் உயர்ந்துவிட்டானா? இவ்வினாவின் பின்னே மூன்று குற்றச்சாட்டுகள் அணிவகுக்கின்றன. அது வீண்செலவு என்பது முதலாவது. உற்றார் உறவினர் இருக்க, கூலி கொடுத்து அயலார் கூரையின்கீழ்ப் படுப்பது தமிழ் மரபன்று என்பது இரண்டாவது. தமிழ்ப்பள்ளிகள் நிதியின்றித் தவிக்கும்போது இவ்வாறு செலவிடுவது இனத்துக்குச் செய்யும் துரோகம் என்பது மூன்றாவது. கேட்போர் கைதட்டுகின்றனர். கைதட்டியவர்களிலேயே பலர் அடுத்த மாதம் தாமும் பெட்டி கட்டுகின்றனர். ஆயின் ஏதோ திருட்டுக்குப் புறப்படுவோர்போல் கூச்சத்தோடு கட்டுகின்றனர்.

அந்தக் கூச்சத்துக்கு இடமே இல்லை. ஓய்வு என்பது உழைப்பவனின் உரிமை. அவ்வுரிமையின் வாசலில் நுழைவதற்கு மலாயாத் தமிழ்த் தொழிலாளி பல தலைமுறைகள் காத்திருந்தான்; இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்காக அடிபட்டும் உதைபட்டும் உயிர் கொடுத்தும் இருக்கிறான். அவன் பேரனும் பேத்தியும் நான்கு நாள் ஓய்வெடுத்தால் அதைப் பழிப்பது, அறிந்தோ அறியாமலோ, பழைய துரைமாரின் குரலைத் தமிழில் பேசுவதாகும்.

மழை நாளும் பட்டினி நாளும்

பால்மரத் தோட்டத்தில் விடுமுறை என்பதற்கு இருந்த பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். விடியுமுன்னே எழுந்து, பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்து, இருள் முற்றும் விலகுமுன் கத்தியோடு மரத்தடியில் நின்றவர்கள் அம்மக்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் இருக்கும். பெரிய பிள்ளை மங்கு கழுவும். மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. வெட்டு இல்லையெனில் பால் இல்லை. பால் இல்லையெனில் கூலி இல்லை. வானம் வலியக் கொடுத்த விடுமுறையைக் கண்டு தொழிலாளி மகிழவில்லை, அஞ்சினான். லயத்துக் கூரையில் மழை இறங்கும் ஓசை அவன் செவிக்குப் பட்டினியின் காலடியோசையாகவே கேட்டது.

அவனுக்கும் ஒரு வெளிநாட்டுப் பயணம் இருந்தது. அது வாழ்நாளில் ஒருமுறை, வாய்த்தால் இருமுறை. 1926இல் கட்டப்பட்ட ராஜுலா என்னும் கப்பல் 1970களின் தொடக்கம்வரை சென்னையையும் நாகப்பட்டினத்தையும் மலாயாத் துறைமுகங்களோடு இணைத்தது. அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்துவந்தவர்களே இன்றைய குடும்பங்கள் பலவற்றின் முன்னோர். வந்திறங்கியவர்களில் பலருக்கு இந்நாட்டில் வாய்த்த முதல் தங்குமிடம் நோய்த்தடுப்பு முகாம். அங்கிருந்து கங்காணியின் பின்னே நடந்தால் லயம். இடையில் கடற்கரை இல்லை, காட்சி இல்லை, காலாற நிற்க ஒரு நாழிகையும் இல்லை.

அதே காலத்தில் அதே தோட்டத்தில் மற்றொருவருக்கு முறையான ஓய்வு இருந்தது. ஐரோப்பியத் துரைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாய்நாடு சென்றுவர நீண்ட விடுப்பு கிட்டியது. இடைக்காலத்தில் இளைப்பாற மலைகள் இருந்தன. பிரேசர் மலை 1922இல் ஓய்வுத்தலமாகத் திறக்கப்பட்டது. கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. அங்கே தேயிலை கிள்ளிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். 1910இல் எழுந்த கோலாலம்பூர் இரயில் நிலையக் கட்டடத்திலேயே பயணிகள் தங்க விடுதி இருந்தது. அதற்கு எதிரே 1932இல் மெஜஸ்டிக் விடுதி திறக்கப்பட்டது. கோலாலம்பூரையும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவையும் இணைத்து 1886இல் தொடங்கிய இரயில் பாதையும், அதன்பின் நாடெங்கும் விரிந்த பாதைகளும் தமிழர் உழைப்பின்றி அமைந்தவை அல்ல. பாதை போட்டவன் ஓரத்தில் நின்றான்; பயணம் போனவன் விடுதியில் தங்கினான். அவன் தங்கியதை எந்த மேடையும் ஆடம்பரம் என்று கண்டித்ததில்லை.

மிதிவண்டியும் விருந்தாளியும்

உலகம் அப்போது ஓய்வைப் பற்றிப் பேசாமலும் இல்லை. 1936இல் பிரான்சு நாட்டுத் தொழிலாளர் ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்தோடு கூடிய விடுமுறையைச் சட்டமாகப் பெற்றனர். அதே ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இதற்கென ஓர் உடன்படிக்கையை இயற்றியது. 1938இல் பிரிட்டனும் தன் நாட்டுத் தொழிலாளர்க்கு ஊதிய விடுமுறைக்கு வழிவகுத்த ஒரு சட்டம் செய்தது. ஆயின் 1936ஆம் ஆண்டு உடன்படிக்கை ஆலைகளையும் வணிகத்தையும் நோக்கி எழுதப்பட்டது. வயலிலும் தோட்டத்திலும் உழைப்போர்க்கெனத் தனி உடன்படிக்கை பிறக்க 1952வரை காத்திருக்க நேர்ந்தது. நகரத்துத் தொழிலாளியின் களைப்பை உலகம் உணர்ந்த பின்னரும், தோட்டத்துத் தொழிலாளியின் களைப்பை உணர அதற்குப் பதினாறு ஆண்டுகள் கூடுதலாகத் தேவைப்பட்டன.

பிரிட்டனில் விடுமுறைச் சட்டம் வந்த மூன்றாம் ஆண்டில், பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட கிள்ளானில் நிகழ்ந்ததைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர்.எச்.நாதனும் முன்னின்றனர். சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் மேலதிகாரிகள் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல், பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழித்தல் எனக் கோரிக்கைகள் நீண்டன. அவற்றினூடே இரண்டு கோரிக்கைகள் இன்றைய பொருளுக்கு நேராக ஒளி பாய்ச்சுகின்றன. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பது ஒன்று. உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டின் பொருளை ஆழ்ந்து நோக்க வேண்டும். தன் காலால் மிதித்த வண்டியில் தன் விருப்பப்படி செல்லவும், தன் வீட்டுக்கு ஒரு விருந்தாளியை அழைக்கவும் உரிமை கேட்டு ஒரு சமுதாயம் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் மாண்டனர். போக்குவரவும் வரவேற்பும் ஓய்வும் அன்று குருதிக்கு விலை பேசப்பட்ட பொருள்கள். அந்த மண்ணில் பிறந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பெட்டியை இழுத்துக்கொண்டு தலைநிமிர்ந்து நடக்கும்போது, "உனக்கு எதற்கடா பயணம்?" என்று மேடையில் நின்று கேட்பது எத்தகைய மறதி!

ஆங்கிலேய அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் 1932இல் ஓய்வைப் போற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஏழைகளுக்கு விடுமுறை எதற்கு என வியந்த முதிய சீமாட்டி ஒருவரை அவர் அதில் நினைவுகூர்கிறார். அச்சீமாட்டிக்கு ஏழையின் ஓய்வு இயற்கைக்கு மாறாகத் தோன்றியது. அத்தகைய உள்ளம் இந்நாட்டு மேடைகளில் கதராடை உடுத்தும் சால்வை போர்த்தும் வருவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1948ஆம் ஆண்டு உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் விதி, ஓய்வையும் காலந்தோறும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையையும் மனிதர் அனைவர்க்கும் உரிமையாக வகுத்திருக்கிறது. அவ்விதியில் தமிழனுக்கு மட்டும் விலக்கு எழுதப்படவில்லை.

சிக்கனம் யாருக்கு?

இனி முதற் குற்றச்சாட்டைப் பார்ப்போர், செலவு எங்கே நிகழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு மாலைப்பொழுதுத் திருமண விருந்துக்காகக் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் பெரும் மண்டபங்கள் நிறைகின்றன. பிள்ளையின் முதல் பிறந்தநாள், பெண்ணின் பூப்பு நீராட்டு, வீடு குடிபுகல் என ஒவ்வொன்றும் இன்று மேடை, ஒளிவிளக்கு, இசைக்குழு என விரிகிறது. முகமறியாத நூறு பேர் உண்டு, உறையில் பணம் வைத்து, உணவில் குறைகூறிக் கலைகின்றனர். சிக்கனம் பேசும் மேடைக்காரர் அவ்விருந்தில் முதல் வரிசையில் அமர்ந்து மாலை பெறுகிறார். அங்கே அவர் வாய் திறப்பதில்லை. பிறர் கண்ணுக்காகச் செய்யும் செலவு பெருமை. பெற்ற பிள்ளைகளோடு நான்கு நாள் அமைதியாக இருப்பதற்குச் செய்யும் செலவு ஊதாரித்தனம் என்றால், அந்தக் கணக்கில் ஏதோ பிழை இருக்கிறது.

ஆயினும் இவ்வாதத்தில் ஒரு பங்கு உண்மை உண்டு. அதை மறுத்தல் நேர்மையாகாது. கடன் அட்டையைத் தேய்த்து விடுதியில் தங்கிவிட்டு, ஆண்டு முழுதும் வட்டி கட்டுகின்றவர் ஓய்வெடுக்கவில்லை. ஓய்வை அடகு வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டார் பாலிக்குப் போனதால் தாமும் போயாக வேண்டும் என்று புறப்படுகின்றவர் பயணத்தில் இல்லை, பந்தயத்தில் இருக்கிறார். இவர்களுக்குச் சிக்கனம் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும். ஆனால் வரவுக்குள் செலவிட்டு, ஆண்டில் ஒருமுறை இளைப்பாறும் குடும்பத்தையும் இவர்களோடு ஒரே கயிற்றில் கட்டி அடிப்பது முறையன்று.

உறவினர் வீடும் பெண்ணின் முதுகும்

இரண்டாம் குற்றச்சாட்டு மரபின் பெயரால் வருவதால், தமிழ் கற்பிப்போர் அதைக் கூர்ந்து ஆராய வேண்டும். விடுமுறை என்றால் உறவினர் வீட்டுக்குப் போவதே தமிழ் வழக்கம், விடுதியில் தங்குவது மேல்நாட்டுப் பழக்கம் என்கின்றனர். இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்திடங்களை வள்ளுவர் எண்ணுகையில், விருந்தினரையும் சுற்றத்தாரையும் ஒன்றாகக் கலக்கவில்லை, தனித்தனியே நிறுத்தினார். விருந்து என்னும் சொல்லுக்கே புதுமை என்பது பழம்பொருள். முன்பின் அறியாத புதியவர்க்கு இடம் கொடுத்தலே பழந்தமிழர் விருந்தோம்பல். அவ்வாறெனில் முன்பின் அறியாதார் கூரையின்கீழ் ஒருவர் தங்கியதும் தமிழ் மரபே. சோழநாட்டுப் பெருவழிகளில் சத்திரங்கள் இருந்தன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தம்பாள் சத்திரம் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது. நகரத்தார் காசியிலும் சத்திரம் கட்டினர். மலாயாவுக்கு வந்தபோது கிட்டங்கியில் கூடித் தங்கினர். வீட்டைவிட்டு வெளியே படுத்தால் மரபு கெட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சவில்லை.

வள்ளுவர் எண்ணிய ஐந்தில் கடைசியாக நிற்பது எது என்பதையும் ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்டிக்காட்ட வேண்டும். அது ‘தான்’. முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் ஆகியோரைப் பேணும் கடமையோடு, தன்னைப் பேணுவதும் இல்வாழ்வானின் கடமையாக வைக்கப்பட்டிருக்கிறது. தான் நலிந்தால் மற்ற நால்வரையும் தாங்குவார் யார்? தன்னையும் தன் குடும்பத்தையும் களைப்பிலிருந்து மீட்பது தன்னலம் என்றால், அத்தன்னலத்தை அறமாக எண்ணிச் சேர்த்தவர் வள்ளுவர்.

இனி, உறவினர் வீட்டு விடுமுறையில் யார் ஓய்வெடுத்தார் என்று ஒரு வினாவைக் கேட்டால் போதும். மரபுவாதிகளின் குரல் தாழ்ந்துவிடும். பெரியப்பா திண்ணையில் அமர்ந்து அரசியல் பேசினார். சித்தப்பா உண்டு உறங்கினார். பிள்ளைகள் ஓடி விளையாடினர். பெரியம்மாவும் சித்தியும் அத்தையும் விடியற்காலை தொடங்கி நள்ளிரவுவரை அடுக்களையில் நின்றனர். இருபது பேருக்கு மூன்று வேளை உணவு, இடையில் தேநீர், இரவில் பாத்திரம். விடுமுறை என்பது அவர்களுக்கு வேலை மும்மடங்கான நாள். விருந்தோம்பலின் புகழ் வீட்டுத் தலைவனுக்கும் முதுகுவலி தலைவிக்கும் என்று பங்கிடப்பட்டிருந்தது.

விடுதியின் காலையுணவுக் கூடத்தில் தமிழ்த் தாய் ஒருத்தி அமர்ந்திருக்கும் காட்சியை இந்தப் பின்னணியில் காண வேண்டும். அவள் எழவில்லை. "இன்னும் ஒரு தோசை வேண்டுமா?" என்று எவரையும் கேட்கவில்லை. சூடாறுமுன்னே தன் தேநீரைத் தானே குடிக்கிறாள். ஆண்டு முழுவதிலும் அவளுக்கு எதிரே ஒருவர் வந்து நின்று, "அம்மா, உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும் நாள்கள் அந்த நான்கே. தோட்டத்தில் பால்வாளி சுமந்து, வீட்டில் தண்ணீர்க்குடம் சுமந்து மடிந்த பாட்டியர் தலைமுறைகளின் பின்னே வந்த பேத்தி அவள். அவள் அமர்ந்திருப்பதைக் கண்டு மரபு கெட்டதாக அலறுவோர், மரபு என்று எதைக் கருதுகின்றனர் என்பதைச் சற்றே வெளிப்படையாகச் சொல்லட்டும்.

பள்ளியைக் கேடயமாக்குதல்

மூன்றாம் குற்றச்சாட்டு உணர்ச்சியைத் தொடுவது. 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை இன்று 500ஐச் சற்றே தாண்டி நிற்கிறது. அவற்றுள் பல இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே உள்ளன. கட்டடத்துக்கும் கணினிக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கையேந்துகின்றன. இவையெல்லாம் உண்மை. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும், மக்கள் சிதறியும் பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு குடும்பம் கிராபியில் நான்கு நாள் தங்கியதால் எந்தப் பள்ளியும் மூடப்படவில்லை. பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்தபோது, இடம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்ற கேள்வி நீச்சற்குளத்திலிருந்து பிறந்ததன்று.

பள்ளிக்குக் கொடுப்பது கடமை. அதை ஆண்டு முழுதும் செய்ய வேண்டும். அரசிடம் உரியதைக் கேட்பதும் கடமை; அதை ஆண்டு முழுதும் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய இடத்தில் குரல் தாழ்த்தி, கேட்கக் கூடாத இடத்தில் குரல் உயர்த்துவோர்க்குக் குடும்பங்களின் விடுமுறை எளிய இலக்காகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. ஓய்வறியாத பெற்றோரிடமும் ஓய்வறியாத ஆசிரியரிடமும் வளரும் பிள்ளைக்குத் தமிழ்மீது பற்று வராது, சலிப்பே வரும். வெளியுலகைக் கண்டு வந்த பிள்ளை மொழிக்குப் புதுச் சொல்லும் புதுப் பொருளும் கொண்டுவரும். தமிழில் பயண இலக்கியத்துக்கு வழிகோலிய ஏ.கே.செட்டியார் வீட்டிலேயே இருந்திருந்தால், 1940இல் ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்றொரு நூல் வந்திருக்காது.

ஓய்வெடுக்கத் தெரியாத ஓய்வு

இவ்வளவும் சொன்னபின், பெட்டி இழுத்துச் செல்வோரையும் சற்றுக் கண்டிக்காமல் விடுவது நடுவுநிலையாகாது. உரிமையைப் பெற்றவர்களில் பலர் அதைத் துய்க்கும் வகை அறியாதிருக்கின்றனர். சிலர் பெட்டிக்குள் அரிசிச் சட்டியையும் ஊறுகாயையும் மிளகாய்த்தூளையும் அடுக்கிச் செல்கின்றனர். விடுதி அறையின் மூலையில் தாய் மீண்டும் சோறு வடிக்கிறாள். அடுக்களையை விமானத்தில் ஏற்றிச் செல்வதற்கு விடுமுறை என்று பெயரிடலாகாது. சிலர் ஐந்து மணிக்கு எழுந்து ஒன்பது இடங்களைப் பேருந்தில் சுற்றி, நள்ளிரவில் அறைக்கு வந்து விழுகின்றனர். பெரட்டுக் களம் அவர்களைவிட்டு இன்னும் நீங்கவில்லை போலும். சிலர் கடலைப் பார்ப்பதில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைப்பேசியைப் பார்க்கின்றனர்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. காலையில் கதவைத் தட்டி, படுக்கை விரிப்பை மாற்றி, குளியலறையைத் துடைத்துச் செல்லும் பெண்ணின் முகத்தை எத்தனை பேர் ஏறிட்டுப் பார்க்கின்றனர்? நேற்றுவரை தன் பாட்டி நின்ற இடத்தில் இன்று ஒரு பாலிப் பெண்ணோ மியன்மார்ப் பெண்ணோ நிற்கிறாள். அவளிடம் துரைபோல் அதட்டுகின்றவன், கிள்ளானில் மிதிவண்டியிலிருந்து இறக்கப்பட்டவனின் பேரன் என்பதை மறந்துவிட்டான். மலேசியாவிலும் விடுதித் தொழிலாளர் தம் பங்குக்காக நீதிமன்றம்வரை போராட நேர்ந்தது. விருந்தினர் செலுத்தும் சேவைக் கட்டணம் தொழிலாளர்க்கு உரியது. அதைக் கொண்டு குறைந்தபட்ச ஊதியத்தை நிரப்பிக் காட்டக் கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பை அறிந்தவன் விடுதியில் தங்கும்போது ஒரு நன்றிச் சொல்லையாவது மறவான்.

எட்டு நாள்

இப்போது மேடைக்காரரின் வினாவைத் திருப்பிக் கேட்கும் இடம் வந்துவிட்டது. சில குடும்பங்கள் விடுமுறைக்குப் போகின்றன என்பது குறையன்று. பல குடும்பங்கள் போகவே முடியாமல் இருக்கின்றன என்பதே குறை. அக்குறை தொலைவில் இல்லை. தமிழ்ப்பள்ளியின் வாயிலிலேயே நிற்கிறது.

அரசுப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் துப்புரவுப் பணியும் காவற்பணியும் தனியார் ஒப்பந்த நிறுவனங்களிடம் விடப்பட்டுள்ளன. கிள்ளான் பள்ளத்தாக்கின் பள்ளிகளில் அப்பணிகளைச் செய்வோருள் தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக உழைத்தவர்க்கு ஆண்டுக்கு 8 நாள் விடுப்பு. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் உழைத்தவர்க்கு 12 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவர்க்கு 16 நாள். சட்டம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கைமாறுகிறது. நிறுவனத்தின் பெயர் மாறுகிறது. சீருடையின் நிறம் மாறுகிறது. துடைப்பம் பிடித்த கை மாறுவதில்லை. புதிய நிறுவனத்தின் ஏட்டில் அவள் நேற்றுச் சேர்ந்தவள். இருபது ஆண்டு அதே பள்ளியைப் பெருக்கியவளுக்கும் மீண்டும் எட்டு நாள்தான். இதைச் சுட்டிக்காட்டித் தொழிலாளர் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகின்றன.

2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட். அவ்வூதியத்தில் வாடகையும் பேருந்துக் கட்டணமும் பிள்ளையின் படிப்புச் செலவும் போனபின், எட்டு நாள் விடுப்பும் காய்ச்சலுக்கும் காரியத்துக்கும் கரைந்துவிடுகிறது. பாலித் தீவு கிடக்கட்டும்; போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் பிள்ளையை அழைத்துச் சென்று ஓர் இரவு தங்குவதும் அவளுக்குக் கனவு. வெளிநாட்டு விடுதியைக் கண்டு பொங்கும் மேடைகள் இந்த எட்டு நாளைக் கண்டு ஏன் பொங்கவில்லை? நான்கு நாள் ஓய்வெடுத்தவனைக் கண்டிக்க ஒலிவாங்கி போதும். இருபது ஆண்டு உழைத்தவளுக்குப் பதினாறு நாள் பெற்றுத் தர முதுகெலும்பு வேண்டும்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் தமிழாசிரியர் பலர் கரும்பலகையில் எழுதும் கட்டுரைத் தலைப்பு ஒன்று உண்டு: ‘விடுமுறையில் நான் சென்ற இடம்’. சென்று வந்த பிள்ளைகள் கடலையும் விமானத்தையும் விடுதியின் உயரத்தையும் எழுதுகின்றனர். எங்கும் செல்லாத பிள்ளை சிறிது நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, இல்லாத மாமா வீட்டையும் போகாத மிருகக்காட்சிச் சாலையையும் கற்பித்து எழுதுகிறது. பிழை திருத்தும் ஆசிரியர் ஒற்றுப்பிழையைச் சுழிக்கிறார்; அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்பதைச் சுழிப்பதில்லை. அப்பிள்ளையின் தாய் அப்போது அதே வகுப்பறையின் வெளித்தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கலாம்.

ஆசிரியப் பெருமக்கள் விடுமுறைக்குச் செல்லட்டும், கூச்சமின்றிச் செல்லட்டும், தம் குடும்பத்தோடு கடலில் காலை நனைத்து, களைப்புத் தீர்ந்து திரும்பட்டும். திரும்பி வந்த முதல் நாள், கரும்பலகைக்குப் போகுமுன் தாழ்வாரத்தில் ஒரு நிமிடம் நிற்கட்டும். துடைப்பத்தோடு நிற்பவளிடம், "அக்கா, உங்களுக்கு ஆண்டுக்கு எத்தனை நாள் லீவு?" என்று கேட்கட்டும். அவள் சொல்லும் எண்ணைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். எட்டு என்னும் அவ்வெண் பதினாறாகும்வரை, பள்ளியில் நடக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் அது வாசிக்கப்படட்டும்.